அரைப் பரப்புத் தோட்டத்துக்கு எவ்வளவு விதை வேண்டும்?

மாரி மழை ஓய்ந்து நிலம் காலடிக்குக் கட்டியாகத் தொடங்கும் மார்கழிக் கடைசியில், யாழ்ப்பாணத்துச் சந்தைகளை அண்டிய விதைக்கடைகளில் ஆட்கள் நிறையத் தொடங்கிவிடுவார்கள். பல பரப்புகளில் மிளகாயும் வெங்காயமும் செய்யும் கமக்காரரோடு, வளவின் ஒரு மூலையில் வீட்டுத் தேவைக்கு நாலு பாத்தி போடுபவர்களும் அங்கே நிற்பார்கள். இரு தரப்பாருக்கும் கடையில் கிடைப்பது ஒரே விதை, ஒரே பக்கெற். கமக்காரர் தமது நிலத்துக்கு எத்தனை கிராம் வேண்டும் என்பதைத் தெரிந்தே வருகிறார். வீட்டுத்தோட்டக்காரரோ பக்கெற்றின் முகப்பில் உள்ள படத்தையும் அதன் விலையையும் பார்த்து வாங்கிச் செல்கிறார். விதைக்குக் கொடுக்கும் காசுக்குச் சரியான பயன் கிடைக்க வேண்டுமானால், பக்கெற் என்ன விலை என்று கேட்பதை விட்டுவிட்டு, முளைத்து நின்று காய்க்கப்போகும் ஒரு கன்றுக்கு என்ன விலை விழுகிறது என்று பார்க்கப் பழக வேண்டும் என்பதே எனது உறுதியான எண்ணம்.

எங்கள் வீட்டின் பின்வளவில் நான் பயிர் செய்யும் செம்மண் நிலம் அரைப் பரப்பு அளவானது. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஆகவே அரைப் பரப்பு என்பது ஏறத்தாழ 1,360 சதுர அடி. அதிலும் வாய்க்கால், வரம்பு, நடைபாதை, கிணற்றடி என்பவை போக எஞ்சுவதுதான் பாத்தி. இந்த அளவு நிலத்தில் ஒரு குடும்பத்துக்குப் போதுமான கத்தரிக்கு ஆறேழு கன்று தாராளம். பத்துப் பன்னிரண்டு தக்காளி, இருபது வெண்டி, பந்தலில் இரண்டு மூன்று புடோல், அதே அளவு பாகல், ஒரு வரிசை பயிற்றை, கீரைக்கு ஒரு சிறு பாத்தி, மிளகாயில் ஒரு முப்பது கன்று என்று வைத்தாலே நிலம் நிரம்பிவிடும்.

இனி விதையின் பக்கம் இருந்து இதைப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் கத்தரி விதையில் ஏறத்தாழ இருநூறு விதைகள் இருக்கும். தக்காளியில் அது முந்நூறையும் தொடும்; மிளகாயில் நூற்றைம்பது அளவில் வரும். கீரை விதை பொடியிலும் பொடி என்பதால் ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் அடங்கும். மாறாக வெண்டி ஒரு கிராமுக்குப் பதினைந்து முதல் இருபது, பயிற்றை ஆறேழு, பாகலும் புடோலும் அதிலும் குறைவு. ஆகவே ஆறு கத்தரிக் கன்றுக்காக 10 கிராம் பக்கெற் வாங்குபவர் இரண்டாயிரம் கன்றுக்குரிய விதையை வாங்குகிறார். 'பெரிய பக்கெற் எடுத்தால் கிராமுக்கு விலை குறைவு' என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த மலிவு இரண்டாயிரம் கன்றையும் நடுபவருக்கே உரியது. சிறு விதைப் பயிர்களில் கிடைக்கும் மிகச் சிறிய பக்கெற்றே வீட்டுத்தோட்டக்காரருக்கு இலாபமானது. வெண்டி, பயிற்றை, பாகல் போன்ற பெரு விதைப் பயிர்களில் மட்டும் விதையின் எண்ணிக்கையைப் பார்த்துச் சற்றுக் கூடுதலாக வாங்குவதில் தவறில்லை.

முளைப்புத்திறனையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விளக்கத்துக்காக நூறு விதை கொண்ட இரண்டு பக்கெற்றுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 200 ரூபா, நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்கும். மற்றது 120 ரூபா, நூற்றுக்கு ஐம்பதே முளைக்கும். முதலாவதில் ஒரு முளைக்கு விழும் விலை 2 ரூபா 22 சதம். இரண்டாவதில் 2 ரூபா 40 சதம். 80 ரூபா மலிவு என்று எடுத்த பக்கெற், முளை வந்த பின் எண்ணிப் பார்த்தால் விலை கூடியதாகிவிடுகிறது. அத்துடன், முளைப்புத்திறன் பாதியாகக் குறைந்த விதைத் தொகுதியில் முளைத்து வரும் மீதிப் பாதியும் பெரும்பாலும் பழைய வீரியத்தோடு வருவதில்லை. முளை பிந்தி வரும், நாற்று மெலிந்து நிற்கும், நாற்றுமேடையில் அடியழுகல் வந்தால் முதலில் சாய்பவையும் அவையே. இடைவெளி விழுந்த பாத்திக்கு மறுபடி விதைத்துக் காத்திருக்கும் நாட்களில் பருவமும் கைநழுவிப் போகும். தையில் நிலைத்து நிற்க வேண்டிய கன்று மாசி முடிவில் நடப்பட்டால், காய்க்கும் காலம் முழுவதும் அது பங்குனி, சித்திரை வெயிலோடு போராடும். கிணற்று நீரும் இரட்டிப்பாகச் செலவாகும்.

ஆகவே பக்கெற்றைத் திருப்பி அதன் பின்புறத்தைப் படிப்பதுதான் விதை வாங்குவதில் முதல் வேலை. வர்க்கத்தின் பெயர், தொகுதி இலக்கம், நிறை, முளைப்புத்திறன் சதவீதம், தூய்மைச் சதவீதம், பரிசோதித்த திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றை அங்கே தேட வேண்டும். இவற்றுள் நான் மிகவும் மதிப்பது பரிசோதித்த திகதியை. காலாவதித் திகதி இன்னும் தாண்டவில்லை என்பது விதை உயிரோடு இருக்கலாம் என்பதற்கு மட்டுமே சான்று. இரண்டு மாதங்களுக்கு முன் பரிசோதிக்கப்பட்ட விதையும் பதினான்கு மாதங்களுக்கு முன் பரிசோதிக்கப்பட்ட விதையும் ஒரே விலைக்கு ஒரே தட்டில் அருகருகே கிடப்பது சாதாரணம். கேட்டுப் புதிய தொகுதியை எடுத்துத் தரச் சொன்னால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். இலங்கையில் விதையின் தரத்தையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்துவதற்கென்றே 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது. வாங்குபவர் இந்த விபரங்களைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெரிய தகரத்தில் வந்த விதையைக் கடையிலேயே சிறு பொலித்தீன் பைகளாகப் பிரித்து, மெழுகுதிரியால் வாயை ஒட்டி, ஒரு துண்டுக் கடதாசியில் 'கத்தரி' என்று மட்டும் எழுதி விற்பதும் உண்டு. தகரம் திறந்த நாளில் இருந்தே எங்கள் காற்றின் ஈரம் உள்ளே இறங்கத் தொடங்கிவிடும். அந்தப் பையில் திகதியும் இல்லை, தொகுதியும் இல்லை, வர்க்கமும் இல்லை. முளைக்காவிட்டால் எதைக் காட்டிப் போய்க் கேட்பது? வேறு வழியே இல்லாத நேரத்தில் வாங்கினாலும், தகரத்தைக் காட்டச் சொல்லி அதில் உள்ள விபரத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். விதை வைத்திருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். வாசலோரம் பிற்பகல் வெயில் நேரே விழும் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் விதை, பக்கெற்றில் என்ன திகதி இருந்தாலும் தன் ஆயுளின் ஒரு பங்கை அங்கேயே இழந்துவிடுகிறது. கடையின் உட்புறம் நிழலில், முடிந்தால் குளிரூட்டியில் வைத்துத் தருபவரிடம் பத்து ரூபா கூடக் கொடுத்து வாங்குவது நட்டமல்ல. இளஞ்சிவப்பு அல்லது நீல நிறம் பூசிய விதை பங்கசுநாசினி இட்ட விதை. அதைக் கையாண்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், மிஞ்சியதைக் கோழிக்கும் போடக்கூடாது.

வீட்டுக்குக் கொண்டு வந்தவுடன், அதிலும் போன வருட மிச்சமாக இருந்தால் கட்டாயமாக, முளை பார்ப்பது நல்லது. ஒரு பழைய பருத்தித் துணியை நனைத்து, சொட்டு விழாதபடி பிழிந்து, பீங்கானில் விரிக்க வேண்டும். அதன் ஒரு பாதியில் இருபது விதைகளை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, மறு பாதியால் மூடி, மேலே இன்னொரு பீங்கானைக் கவிழ்த்து, அடுக்களையில் நேர் வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். துணி காயத் தொடங்கினால் கையால் தண்ணீர் தெளிக்கலாம். விதை தண்ணீரில் மிதக்கக்கூடாது. பயிற்றை மூன்றாம் நாளே வெண்ணிற முளையை நீட்டிவிடும். தக்காளி ஐந்தாறு நாள் எடுக்கும். கத்தரியும் மிளகாயும் எட்டுப் பத்து நாள்வரை பொறுமை கேட்கும். வெண்டியின் தோல் தடிப்பானது என்பதால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டபின் துணியில் வைக்க வேண்டும். இருபதில் பதினாறு பதினேழு முளைத்தால் அது நல்ல விதை. பத்துப் பன்னிரண்டு என்றால் நெருக்கமாகத் தூவிச் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த விதைக்கு எருவும் நீரும் செலவழிப்பதைவிடப் புதிய பக்கெற் வாங்குவதே மலிவு. எண்ணும்போது எத்தனை முளைத்தது என்பதோடு, எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் முளைத்தனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்று மூன்றாம் நாளும் மற்றொன்று பத்தாம் நாளும் முளைக்கும் விதைத் தொகுதி முதுமையடைந்துவிட்டது. முளைத்தவற்றை எறிய வேண்டியதில்லை. ஈர்க்கால் மெல்லத் தூக்கி நாற்றுமேடையில் வைத்துவிடலாம்.

கலப்பு வர்க்கம் வாங்குவதா, சாதாரண வர்க்கம் வாங்குவதா என்ற கேள்வியில்தான் வீட்டுத்தோட்டக்காரரின் காசு அதிகமாகச் சிதறுகிறது. எஃப்1 என்று அச்சிட்ட கலப்பு விதை, அதாவது இரண்டு வேறு பெற்றோர்ச் செடிகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதை, பல மடங்கு விலை கூடியது. அதன் விளைச்சலும் ஒரே சீரான வளர்ச்சியும் உண்மை. சில வர்க்கங்களுக்கு நோய் எதிர்ப்பும் உண்டு. ஆனால் அதன் காயில் இருந்து எடுத்த விதை தாயைப் போல வராது; அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று காய் சிறுத்தது என்று கலைந்துவிடும். ஒவ்வொரு பருவமும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். சந்தைக்கு ஒரே அளவான காயை ஒரே வாரத்தில் கொண்டுபோக வேண்டிய கமக்காரருக்கு அந்த விலை திரும்பிக் கிடைக்கும். அடுக்களைக்கு வாரத்தில் மூன்று நாள் காய் வேண்டும் என்பவருக்கு, காய்ப்பு நீண்ட நாளுக்குப் பரவி வருவதுதான் வசதி. அதற்குச் சாதாரண வர்க்கமே பொருத்தம்.

இந்த விடயத்தில் எங்கள் மண் கொடுத்துவைத்தது. விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் கத்தரி வர்க்கங்களில் தின்னவேலி ஊதாவும், பாகலில் தின்னவேலி வெள்ளையும் எங்கள் ஊரின் பெயரையே சுமப்பவை. இவற்றோடு எஸ்.எம். 164 கத்தரி, ஹரித வெண்டி, திலின தக்காளி, டி.ஏ. 2 புடோல், எம்.ஐ. 2, கே.ஏ. 2 மிளகாய் ஆகியவையும் திணைக்களத்தின் வெளியீடுகளே. இவற்றில் இருந்து நாமே விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எந்த வர்க்கம் எப்போது கிடைக்கும் என்பதைச் சொல்வார். திணைக்கள விதை கையிருப்பில் இருக்கும் நாட்கள் குறைவு என்பதால், நாற்றுமேடை போடுவதற்கு ஒரு மாதம் முன்பே விசாரித்து வைப்பது புத்தி. கலப்பு விதைக்கு நான் இடம் கொடுப்பது இரண்டு இடங்களில் மட்டுமே. ஒன்று, தக்காளியில் பற்றீரிய வாடல் வந்து போன பாத்தி. அங்கே வாடலைத் தாங்கும் வர்க்கத்துக்குக் கூடக் கொடுப்பது நியாயம். மற்றது கோவா. கோவாவும் கரட்டும் பூத்து விதை கட்டுவதற்கு நீண்ட குளிர் வேண்டும். எங்கள் வெக்கையில் அது நடவாது. எந்த வர்க்கமானாலும் விதையை வாங்கியே தீர வேண்டும் என்பதால், வெப்பத்தில் தலை கட்டும் கலப்பு வர்க்கத்தையே எடுத்துவிடலாம்.

வாங்கிய விதையை மறுவருடம் வாங்காமல் இருக்கச் செய்வதைவிடப் பெரிய இலாபம் விதையில் வேறு இல்லை. ஆனால் எதில் இருந்து எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பயிற்றையும் தக்காளியும் தம் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்பவை. பக்கத்தில் வேறு வர்க்கம் நின்றாலும் பெரும்பாலும் கலப்பதில்லை. கத்தரியும் வெண்டியும் ஓரளவு கலக்கும். மிளகாய் இன்னும் கூடுதலாகக் கலக்கும். ஆகவே மிளகாயில் ஒரே வர்க்கத்தை மட்டும் வைத்திருப்பவர்தான் நம்பி விதை எடுக்கலாம். பூசணி, பாகல், புடோல் ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்பதால் பக்கத்து வளவின் மகரந்தமும் வந்து சேரும். இவற்றில், மறுநாள் விரிய இருக்கும் பெண் பூவை மாலையிலேயே ஒரு துணித்துண்டால் கட்டி வைத்து, பூ விரிந்ததும் அதே வர்க்கத்தின் ஆண் பூவைக் கொண்டு தொட்டு, மறுபடி கட்டிவிட்டால் தூய விதை கிடைக்கும். புடோலும் சில பாகலும் இரவிலோ வைகறையிலோ விரிவதால் அந்த நேரத்தை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

விதைக்கு விடும் கத்தரியைக் கறிக்கு ஆயும் பருவத்தில் ஆயக்கூடாது. அது செடியிலேயே மஞ்சளாகி, தோல் தடித்து, பழுக்க வேண்டும். பின்னர் பிளந்து, சதையைத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பது பதர். தக்காளியின் விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான சவ்வை நீக்க, சாற்றோடு சேர்த்து ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய விதையைச் சீமெந்து நிலத்தில் மத்தியான வெயிலில் பரப்புவது பெரிய கேடு. ஈர விதை அந்தச் சூட்டில் வெந்துபோகும். காலை இளவெயிலில், ஓலைப் பாயிலோ சுளகிலோ உலர்த்தி, பிறகு நிழலில் சில நாள் விட வேண்டும். எங்கள் அம்மம்மா காலத்தில் கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிச் சாணம் தட்டி உலர்த்தினார்கள். விதைப் பயிற்றைக் கொத்தை அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டார்கள். சாம்பலும் புகையும் ஈரத்தை இழுத்து, வண்டையும் அண்டவிடாமல் செய்தன.

இன்று அந்த இரண்டு வேலையையும் ஒரு கண்ணாடிப் போத்தலும் குளிர்சாதனப் பெட்டியும் செய்யும். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை ஆய்வாளர் வகுத்த பொதுவிதியின்படி, விதையின் ஈரப்பதன் ஒரு சதவீதம் குறையும்போது அதன் ஆயுள் இரட்டிக்கிறது; வைத்திருக்கும் இடத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் குறையும்போதும் இரட்டிக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் திறந்த பக்கெற்றை அலுமாரியில் விட்டுவிடுவது இந்த விதியின் மறுபக்கத்தை அனுபவிப்பதாகும். நன்றாக வறுத்து ஆறிய அரிசியைச் சிறு துணி முடிச்சாகக் கட்டிப் போத்தலின் அடியில் இட்டு, மேலே விதைப் பக்கெற்றுகளை வைத்து, இறுக மூடிக் குளிரூட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால், தக்காளியும் கத்தரியும் சில வருடங்கள் தாங்கும். வெங்காய விதைக்கு மட்டும் இயல்பிலேயே ஆயுள் குறைவு. அதைச் சேமித்து வைக்கலாம் என்று எண்ணிக் கூட வாங்கவே கூடாது. போத்தலை வெளியே எடுத்தால், அது அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் விட வேண்டும். உடனே திறந்தால் வெளியீரம் குளிர்ந்த விதையில் பனியாகப் படிந்து, சேமித்த பயனைக் கெடுத்துவிடும்.

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர்கள் அன்போடு கொண்டுவரும் விதைப் பக்கெற்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதைகளை நாட்டுக்குள் கொண்டுவருவது கட்டுப்படுத்தப்பட்டது. உரிய அனுமதி இல்லாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது முறையல்ல. விதையோடு வைரசும் வரும் என்பதால் அந்தச் சட்டம் எங்கள் தோட்டங்களுக்கு வேலி. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் பயன் கிடைப்பதில்லை. இலண்டனில் மாநகரசபைத் துண்டுக்காணியில் எங்கள் ஆட்கள் அழகாக விளைவிக்கும் பெரிய வெங்காய வர்க்கங்கள், பகல் பதினான்கு மணித்தியாலத்துக்கு மேல் நீளும்போதே குமிழ் கட்டுபவை. யாழ்ப்பாணத்தில் ஆனி மாதத்திலும் பகல் பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டாது. அந்த விதை இங்கே தாளாகவே நின்றுவிடும். குளிர்நாட்டுத் தக்காளியும் எங்கள் இரவுச் சூட்டில் பூவை உதிர்க்கும். இலவசமாக வந்தாலும் ஒரு பாத்தியையும் ஒரு பருவத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

ஆறு கத்தரிக் கன்றே வேண்டும் என்பவர் சில வேளை விதையே வாங்கத் தேவையில்லை. நாற்றுத் தட்டில் வளர்த்த கன்றை எண்ணி வாங்கலாம். ஒரு கன்றை மெல்ல இழுத்து வேரைப் பார்த்து, முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு என்று விட்டுவிட வேண்டும். மிளகாயில் நுனி இலை சுருண்டிருந்தாலும் வேண்டாம். வெண்டி, பயிற்றை, கரட், கீரை ஆகியவற்றுக்கு நாற்று வாங்குவது வீண். அவை நேரே விதைக்க வேண்டியவை.

2022இல் இந்தக் கணக்குகள் எல்லோருக்கும் உறைத்தன. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, இறக்குமதியாகும் கலப்பு விதைகளின் விலையும் சேர்ந்து ஏறியது. அரசாங்கம் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் அறிவித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விதை தேடினார்கள். எங்கள் ஒழுங்கையில் விதையைப் பங்கு போட்டு வாங்கும் வழக்கம் அப்போது தொடங்கி இன்றுவரை நடக்கிறது. ஆளுக்கொரு பயிராக ஒரு பக்கெற் எடுத்து, வாங்கிய அன்றே பிரித்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் தக்காளி, முன்வீட்டு மாமாவிடம் மிளகாய், என்னிடம் கத்தரியும் கீரையும். பிரிக்கும்போது மூலப் பக்கெற்றின் வர்க்கப் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் பரிசோதித்த திகதியையும் ஒவ்வொரு பங்கின் மேலும் எழுதுகிறோம்; யார் வீட்டில் எத்தனைக்கு எத்தனை முளைத்தது என்பதையும் மாமா தம் கொப்பியில் பதிகிறார். ஒரு வீட்டில் மட்டும் முளை குறைந்தால் நாற்றுமேடையைத் திருத்துகிறோம். எல்லா வீட்டிலும் குறைந்தால், அந்தக் கொப்பியையும் வெறும் பக்கெற்றையும் எடுத்துக்கொண்டு மாமாவே கடைக்குப் போகிறார்.